உப்புச் சக்கரைக்கு முந்திய ஒன்பது நாட்கள்

பேசக் கூச்சப்படுகிற ஒருத்தியை, பிறத்தியார் பேச்சை எடுத்துச் சொல்லும் வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வீட்டிலும் தோட்டத்திலும் பேசுவது தமிழ். நான் நாலாம் வகுப்பு வரை படித்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். சர்க்கார் காகிதமும் டாக்டரும் மலையாளம். மகனுக்கு மூன்று வயதாகும்போது கணவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பாலக்காடு டவுனில் ஒரு வீட்டில் பதினெட்டு வருடம் சமையல் வேலை பார்த்தேன். மலையாளம் அந்த அடுப்படியில் வந்தது. மகன் தலையெடுத்ததும் ஊருக்குத் திரும்பி, வயதான காலத்தில் மகன் மருமகளோடு இருந்துகொண்டு, இங்கே ஆரோக்கிய கேந்திரத்தில், அதாவது சர்க்கார் சுகாதார நிலையத்தில், பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன்.

அங்கே செவ்வாயும் வெள்ளியும் ஒரு மேடம் வருவார். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. மனக்கஷ்டம் உள்ளவர்களை உட்கார வைத்துப் பேசுகிறவர், கவுன்சலிங் மேடம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சொந்த ஊர் வடக்கே, கண்ணூர்ப் பக்கம். சினிமா பார்த்துப் பழகிய தமிழ் கொஞ்சம் உண்டு. ஆனால் வருகிறவர்கள் சினிமாவில் வருகிற மாதிரியா பேசுவார்கள்? அழுகையும் மூக்குறிஞ்சலுமாகப் பேசும்போது மேடத்துக்குப் பாதிதான் பிடிபடும். வருகிறவர்களுக்கும் மலையாளம் தெரியாமல் இல்லை. பஸ் ஏறவும் ரேஷன் வாங்கவும் போதும். அதை வைத்துக்கொண்டு அழ முடியாது.

ஒரு நாள் நான் வராந்தா துடைத்துக்கொண்டிருந்தபோது மேடம் கதவைத் திறந்து, "அம்மே, கொஞ்சம் உள்ளே வரலாமா?" என்றார். அவர் பேசுவதெல்லாம் மலையாளம்தான். இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன். உள்ளே ஒரு பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவள், அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டியதாகிவிட்டது. 

மேடம் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கதவுக்குள் கேட்டது வெளியே போகக் கூடாது. அது எனக்குச் சுலபம். நான் வாயைத் திறக்கிறதே அபூர்வம். இன்னொன்று, அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அதில்தான் எனக்குச் சங்கடம். ஒரு தடவை ஒரு தோட்டக்காரர் தன் மருமகனை வைத வசவு இருக்கிறதே, மூச்சு விடாமல் வைதார். நான் மேடத்திடம், "அவருக்குக் கோபமாக இருக்கிறது" என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். "இவ்வளவு நேரம் சொன்னதற்கு இவ்வளவுதானா அம்மே?"

தோட்டக்காரர் சிரித்துவிட்டார். "பெரீம்மா எல்லாத்தையும் சலிச்சு மாவு மட்டுந்தான் குடுக்கறாங்க. தவிட்டையும் குடுங்க, மேடம் பாக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு அது தமாஷாகப் போய்விட்டது.

நான் தவறு செய்தது வேறொரு பெண் விஷயத்தில். அவள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எருத்தேன்பதிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். அண்ணன் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு முப்பதை ஒட்டிய வயது; பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுக்கிற வேலை. கெட்டவர் என்று அண்ணனைச் சொல்ல முடியாது. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவர். அவர்தான் முதலில் பேசினார்.

"தூக்கமே வர்றதில்லீங்க இவளுக்கு. சோறும் இறங்கறதில்லை. கண்ணாலப் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிடறா. வர்ற மாப்ளையெல்லாம் இவளுக்குத் தண்ணி கலந்த பாலுங்க. ஒண்ணையும் எடுக்க மாட்டேங்கறா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. மேடம் அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

நான் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வது என் பழக்கம். யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தால் எனக்குப் பேச்சு வரும். என் முகத்தைப் பார்க்காவிட்டால் அவர்களுக்கும் பேச்சு வரும். அந்தப் பெண் என் முதுகைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பெரீம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லுவீங்களா?"

"சொல்றன் கண்ணு."

"எனக்கு ஒருத்திய புடிச்சிருக்குதுங்க. நாத்துப் பண்ணையில வேலை செய்யறா. ஆறு வருசமாச்சு. சிநேகிதம்னு சொன்னா ஊருக்குப் போதும்; இங்க அது போதாதுன்னுதான் வந்தன். ஊட்டுக்காரன் மேல பொண்டாட்டிக்கு என்ன இருக்குமோ அதுங்க. அவளுக்கும் அப்படியேதான். இன்னொருத்தருக்குப் பொண்டாட்டியா இருக்க என்னால முடியாது. எனக்கு ஆகாதது ஏதாச்சும் ஆயிப்போச்சா, இல்ல மனுசருக்கு இப்படியும் இருக்குமான்னு மேடத்துகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே மாத்திரை வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். என் காது மடல் சுட்டது. மலையாளத்தில் இதைச் சொல்ல வார்த்தை தெரியாமல் இல்லை. டவுனில் பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அது என் வாயிலிருந்து, என் குரலில் வர வேண்டுமே. "எனக்கு ஒருத்தியைப் பிடித்திருக்கிறது" என்று இந்த வயதில் நான் சொல்வதா? அப்படித்தான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

மலையாளத்தில் கூட்டுக்காரி என்றால் சிநேகிதி. நான் மேடத்திடம் சொன்னேன்: "இவளுக்கு ஒரு கூட்டுக்காரி இருக்கிறாள். ரொம்பப் பிரியம். கல்யாணம் ஆனால் பிரிய வேண்டி வருமே என்று பயப்படுகிறாள். இப்படி இருக்கிறது சரியா என்று கேட்கிறாள்."

மேடத்தின் குரல் லேசாகிவிட்டது. "அய்யோ, அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே. எனக்கும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மனசு மெல்ல மெல்லப் புதுக் குடும்பத்தின் பக்கம் திரும்பும். கொஞ்ச நாள் கொடுத்தால் தானாகவே சரியாகிவிடும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை."

அதை நான் ஒரு எழுத்து விடாமல் தமிழில் சொன்னேன். அவள் சொன்னதைத்தான் மாற்றினேன். மேடம் சொன்னதை மாற்றவில்லை. இரண்டையும் மாற்றியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

பின்னாலிருந்து அவள், "சரியாயிருமாமா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"மெல்ல மெல்லத் திரும்பிருமாமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சரிங்க."

அழவில்லை. எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனாள். மேடம் அண்ணனைக் கூப்பிட்டு, தானாகவே சரியாகிவிடும், அவசரப்படுத்தாதீர்கள், பையனும் பெண்ணும் கொஞ்சம் பேசிப் பழகட்டும் என்றார். அவர் காதில் விழுந்தது, சரியாகிவிடும் என்ற ஒன்றுதான். 

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், படுத்தேன். பெரிய தப்பு செய்துவிட்டதாக முதலில் நான் நினைக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தை மூடி வைத்ததாகத்தான் நினைத்தேன். டி.வி. செய்தியில் ஒரு தடவை, சேர்ந்து வாழ்கிற இரண்டு பெண்களைக் காட்டினார்கள். நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் உள்ளே வந்ததும் சேனலை மாற்றிவிட்டேன். கெட்டதாக நினைத்து மாற்றவில்லை. நான் அதைப் பார்த்ததை மருமகள் பார்த்தாள் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என் சுபாவம் அப்படி. கணவரோடு நாலு வருடம் வாழ்ந்ததில் அவரைப் பிடித்திருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. பிடித்திருந்தது. அது சொல்லாமலே நடந்தது, ஏனென்றால் எங்களுக்காக ஊரே முன்னால் சொல்லி, பந்தல் போட்டு, மேளம் வைத்துவிட்டதே. இவளுக்கு யார் சொல்வார்கள்? அவளே சொன்னால்தான் உண்டு. அதையும் நான் முழுங்கிவிட்டேன். இது எனக்கு உறைக்க ஞாயிறு, திங்கள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார். நான் அவருக்கு டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசற்படி வரைக்கும் வந்து, திரும்பி நின்று, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

புதன்கிழமை அண்ணன் தன் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பெரீம்மா, உங்க மேடம் கைராசிக்காரங்க போங்க. ஆறு வருசமா நாங்க தலைகீழ நின்னு நடக்கல. ஒரு நாள் பேசுனாங்க, புள்ள மறுபேச்சில்லாம சரின்னுட்டா. ஞாயித்துக்கிழமை உப்புச் சக்கரைங்க. சின்னதாத்தான், ஊட்டாளுக மட்டும். நீங்களும் வந்துருங்க. நீங்கதானே எடுத்துச் சொன்னது!"

உப்புச் சக்கரை என்றால் எங்கள் பக்கம் நிச்சயம். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்துக் கை மாற்றிக்கொள்வார்கள். மாற்றியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பெண் வேண்டாம் என்றால் அவள் வீட்டில் அடுத்து ஒரு நல்ல காரியம் பேச ஆள் வராது. இப்போதே வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வீட்டின் வருத்தத்தோடு போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு என்றால் போகாது.

"பாப்பா நல்லாச் சாப்படறாளா?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை.

"சாப்படறா, தூங்கறா. பேச்சு மட்டுந்தான் கொறஞ்சு போச்சு. அது வெக்கமா இருக்கும்" என்றார்.

மேடம் மற்ற நாட்களில் வேறு கேந்திரங்களுக்குப் போய்விடுவார். அவர் நம்பர் என் போனில் உண்டு. வியாழக்கிழமை இரண்டு தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் அணைத்துவிட்டேன். போனில் இதை எப்படிச் சொல்வது? நேரில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன் என்றால், அப்புறம் நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மேடம் மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். நின்றுகொண்டே சொன்னேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பால் சொசைட்டிப் பெண் சொன்னது கூட்டுக்காரியைப் பற்றி இல்லை என்று தொடங்கி, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தேன். புருஷன், பெண்டாட்டி என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல் கீழே போயிற்று. ஆனால் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உப்புச் சக்கரை என்பதையும் சொன்னேன்.

மேடம் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. "நான் அவளிடம் என்ன சொன்னேன்? கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றா?"

"ஆமா மேடம்."

"அவள் கேட்டது அதை. நான் சொன்னது இதை." பாத்திரத்தை மூடினார். "அம்மே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிகிறதா?"

"தெரியுது மேடம். வேலையை விட்டு நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். அந்தப் புள்ளைகிட்ட மட்டும் எடுத்துச் சொல்லீருங்க."

அவர் என்னை இன்னும் வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கோபம் என் மேல் இல்லை.

"நீங்கள் அன்றைக்கே சரியாகச் சொல்லியிருந்தாலும், நான் சரியாகப் பதில் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நீங்க படிச்சவங்கதானே மேடம்?" என்றேன்.

"படித்தேன் அம்மே. அதற்குப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. டீச்சர் அதை வீட்டில் வாசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தைத் திருப்பினோம். பரீட்சைக்கு எழுதினேன். இது நோய் இல்லை, மாற்ற முயலக் கூடாது என்று. மார்க்கும் வந்தது. பிறகு முதல் வேலையில், ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்து, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லது செய்வதாக நினைத்து அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. எங்கே போனான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் அழவில்லை. மேஜையில் இருந்த பேனாக்களை எடுத்து நேராக அடுக்கினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போனார். இந்த மாதிரி வருகிறவர்களோடு வருடக்கணக்காகப் பேசிப் பழகிய ஒரு சேச்சி அவருக்குத் தெரியுமாம். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசியதைவிடத் தலையாட்டியதுதான் அதிகம். ஒரு தடவை, "சேச்சி, எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் அவளிடம் சொல்லலாமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து, "நாளைக்குக் காலையில் நான் வருகிறேன். அவளை வரச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன் பண்ணினால் ஏன் என்று கேட்பார்கள்" என்றார்.

"நான் போறன் மேடம்" என்றேன். நானாக ஓரிடத்துக்குப் போகிறேன் என்று சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

மூன்றரை மணி பஸ்ஸில் ஏறிப் பால் சொசைட்டிக்குப் போனேன். சாயங்காலப் பால் வருகிற நேரம். கேனும் தூக்குமாக வரிசை நின்றது. அவள் உள்ளே ஒவ்வொருத்தர் பாலிலும் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் பால் இல்லாமல் வரிசையில் நின்ற என்னை ஒருத்தர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க பெரீம்மா, மாட்ட ஊட்லயே உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"மாடு பின்னால வருது, நீங்க முன்னால போங்க" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் முறை வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"உப்புச் சக்கரை நாளைக்கழிச்சுத்தானுங்களே. அண்ணன் உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாரு கண்ணு. ஒரு நிமிசம் வெளியில வா."

கேன் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. அந்தச் சத்தம் உதவியாக இருந்தது.

"அன்னிக்கு நீ சொன்னத நான் மேடத்துகிட்டச் சொல்லல" என்றேன்.

"ஏனுங்க?"

"கூட்டுக்காரின்னு சொல்லிப்போட்டன். என்ற வாயில அது வரல. மேடம் சொன்னது அதுக்குத்தான். நீ கேட்டதுக்கு இல்ல."

அவள் குழாயை மூடினாள்.

"அப்ப, கண்ணாலம் பண்ணுனா சரியாயிரும்னு அவிக சொல்லலீங்களா?"

"உனக்குச் சொல்லல."

"ஏழு நாளுங்க பெரீம்மா." சத்தம் போடவில்லை. "ஏழு நாளா அந்த ஒரு பேச்சத்தான் வெச்சுட்டு இருந்தன். படிச்சவிகளே இப்படிச் சொன்னா நாமதான் தப்புன்னு நெனச்சன். அவளுக்குப் போன் பண்ணி, இனிக் கூப்படாத, நானும் கூப்படல, டாக்டரே சொல்லீட்டாங்கன்னு சொன்னன். அவ ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டா. ஆறு வருசம் ஒரு நிமிசத்துல முடிஞ்சுது. நீங்க வெக்கப்பட்டதுக்கா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? மன்னிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை. "மேடம் நாளைக்குக் காலைல உனக்காக வர்றாங்க. வா கண்ணு."

உள்ளே யாரோ, "அம்மிணி, பாலு திரிஞ்சு போயிரும், வா" என்று கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கெல்லாம் மேடமும் நானும் அறையில் உட்கார்ந்திருந்தோம். பத்தே காலுக்குப் பைக் சத்தம் கேட்டது. விசேஷத்துக்குச் சாமான் வாங்க சித்தூர் போகிற வழியில் அண்ணன் கொண்டுவந்து விட்டார். அரை மணி நேரத்தில் முடியுமா என்று கேட்டுவிட்டு வெளியே உட்கார்ந்தார்.

நான் ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பப் போனேன். "இந்தப் பக்கம் பாத்து உக்காருங்க" என்றாள் அவள். உட்கார்ந்தேன்.

மேடம்தான் முதலில் பேசினார். "உன் பேச்சு என்னிடம் முழுசாக வந்து சேரவில்லை. அது என் அறையில் நடந்தது, அதனால் தவறு என்னுடையதும்தான். நான் சொன்ன பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கேட்டதை இன்னொரு தடவை கேட்பாயா?"

அவள் கேட்டாள். அதே வார்த்தைகள் இல்லை; இந்தத் தடவை சுருக்கமாகக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேடத்திடம் சொன்னேன். 'எனக்கு ஒருத்தியைப் பிடித்திருக்கிறது' என்பதையும் அப்படியே சொன்னேன். சொல்லும்போது அது என் பேச்சு மாதிரி இல்லை. அவளுடையது என்று நன்றாகத் தெரிந்தது. முதல் தடவையே முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

"இது நோய் இல்லை" என்றார் மேடம். "மருந்து இல்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. மனுஷர்களுக்கு இப்படியும் இருக்கும். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்."

அவள், "மேடத்துக்கு அருவருப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இதைப் போய் மேடத்திடம் எப்படிக் கேட்பது? அவள் என் வாயையே பார்த்தாள். கேட்டேன்.

மேடம், "அருவருப்பு இல்லை" என்றார். "பயம் இருக்கிறது. தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று. எனக்கு இதில் பழக்கம் குறைவு. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நீ வேண்டும் என்றால் அவரிடம் உன்னைப் பேச வைக்கிறேன். நீ சொல்லாமல் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். உன் அண்ணனிடமும்."

"உங்களுக்குங்க பெரீம்மா?"

இது என்னிடம் கேட்டது. மேடத்துக்குச் சொல்ல வேண்டிய பேச்சு இல்லை.

"அருவருப்பு இல்ல கண்ணு. வெக்கம். எனக்கு எல்லாத்துக்கும் வெக்கம். என்ற கண்ணாலத்துக்கே வெக்கப்பட்டவ."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம், "என்ன சொன்னீர்கள்?" என்றார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்புறம் மேடம் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய்?"

"நடக்கக் கூடாதுங்க. ஆனா ஏன்னு இப்ப என்னால அண்ணன்கிட்டச் சொல்ல முடியாது. ஒரு நாள் சொல்லுவன். நாளைக்கு இல்ல."

அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். மேடம் தமக்குத் தெரிந்த தமிழிலேயே, தடுமாறித் தடுமாறிச் சொன்னார். போன தடவை தாம் சொன்னது தப்பு. இவளுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம் இல்லை. சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது.

"அதெப்படிங்க? ஆளுகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. சக்கரை, உப்பு, பழம் எல்லாம் இன்னைக்கு வாங்கணும். அன்னிக்குச் சரியாயிரும்னீங்க, இன்னிக்கு ஆகாதுங்கறீங்க. பால்ல தண்ணி இருக்குன்னு ஊத்துன பொறகு சொன்னா எப்படி?" அவர் தங்கை பக்கம் திரும்பினார். "என்ன சாமி, என்னதான் உனக்கு?"

"எனக்கு வேண்டாண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் தலையைக் குனியாமல் சொன்னாள்.

அவர் என் பக்கம் வந்தார். "பெரீம்மா, நீங்க உள்ளயே இருந்தீங்களே. என்னமோ இருக்குது. எவனாச்சும் இருக்கறானா? சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டன்."

எவனும் இல்லை என்று சொல்லலாம். அது பொய் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் அடுத்த கேள்வி வரும். சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பெரியதை மூடுகிற வேலையை ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று.

"எனக்குத் தெரியும் சாமி. ஆனா அது அவ சொல்ல வேண்டியது. நான் சொல்ல மாட்டன்" என்றேன். இவ்வளவு நேராக ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்து நான் பேசியதில்லை.

அவர் நின்றார். தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போய், பைக்கின் மேல் சாய்ந்துகொண்டு, ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு யாரையோ அழைத்தார். வராந்தா வரைக்கும் கேட்டது.

"வணக்கமுங்க மாமா... இல்லீங்க, சாமான் வாங்கல... எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. புள்ளைக்கு மனசில்லை. எங்க மேல கோவிச்சுக்காதீங்க... வேற ஒண்ணும் இல்லீங்க. மனசில்லைங்கறா. அதுக்கு மேல நான் கேக்கல."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் "ஆமாங்க, ஆமாங்க, தப்புத்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல், "வண்டில ஏறு" என்றார்.

"நீங்க போங்கண்ணா. நான் பஸ்ஸுல வந்துக்கறன்."

அவர் வற்புறுத்தவில்லை. பைக் போயிற்று.

அவள் மேடத்திடம் சொல்லிக்கொண்டு, என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, எதிரே பஸ் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே நின்று போனை எடுத்தாள். காதில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். அந்த நாற்றுப் பண்ணைப் பெண் எடுக்கவில்லை போல. மூன்றாவது தடவை பேச ஆரம்பித்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கை போனைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் மரத்துப் பட்டையை உரித்துக்கொண்டே பேசினாள். நடுவில் அழுதாள் என்று நினைக்கிறேன். கொழிஞ்சாம்பாறை பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ் அரை மணி கழித்து வந்து, கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.